ஒரு தொப்பைக்கு மூன்று எண்கள்

என் வீட்டுக்காரரை இங்கே 'அவர்' என்று எழுதுகிறேன். அது எழுத்துக்குக் கொடுக்கும் மரியாதை. வாயில் எனக்கு எப்போதும் 'யோவ்'தான் வரும். அதற்கு மேல் ஒரு மரியாதையை இருபத்தாறு வருஷத்தில் அவர் சம்பாதித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

அந்த வருஷம் அவர் எடை தொண்ணூற்றெட்டு கிலோ. உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம், வயது நாற்பத்தேழு. உடம்பு ஒரே சீராகப் பருத்திருந்தால்கூட ஒரு சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். கையும் காலும் கல்யாணத்தன்று இருந்த மாதிரியே இருக்க, வயிறு மட்டும் தனியாக வளர்ந்து அவருக்கு முன்னால் நடந்து போகும். வாசலில் முதலில் வயிறு தெரியும், பிறகுதான் ஆள் யாரென்று தெரியும்.

வயிறு எப்படி இருந்தால் எனக்கென்ன என்று நானும் சும்மாதான் இருந்தேன். பாடு போய்விடும் என்று ஆனபோதுதான் அது என் பிரச்சினை ஆயிற்று.

பாடு என்றால் ஏரியில் எங்களுக்குள்ள முறை. பழவேற்காட்டு ஏரி பெரியதுதான், ஆனால் இறால் ஓடுகிற இடம் கொஞ்சம். அந்த இடத்தில் இன்று யார் வலை கட்டுவது, நாளைக்கு யார் என்று வருஷத்துக்கு ஒரு முறை சித்திரையில் கோயில் முன்னால் சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். ஊர்ப் பட்டியலில் பெயர் இருக்கிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் மாதத்தில் இரண்டு நாள் வரும். எங்கள் குப்பத்தில் இன்னொரு சட்டமும் உண்டு. பெயருக்குச் சொந்தக்காரன் தானே தண்ணீரில் இறங்க வேண்டும், கூலிக்கு ஆள் விடக் கூடாது. இறங்க முடியாதவன் பெயரை எடுத்துவிடுவார்கள். மகன் இருந்தால் அவன் பெயர் ஏறும். எங்களுக்கு இரண்டும் பெண்கள், இரண்டு பேரும் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். பெண்ணுக்குப் பாடு கிடையாது. கூடையைத் தூக்கிக்கொண்டு திருப்பாலைவனம் வரை போய் மீன் விற்க மட்டும் பெண் வேண்டும்.

கார்த்திகை மாதம் ஒரு பாடு நாள். சுத்து வலை கட்டக் கம்பு ஊன்ற வேண்டும். இடுப்பளவு தண்ணீரில் நின்று, காலடியில் சேறு இழுக்க, ஒருவர் பங்குக்குப் பதினாறு கம்பு. என் வீட்டுக்காரர் ஆறாவது கம்பில் சேற்றில் புதைந்து நின்றுவிட்டார். இழுத்தால் வரவில்லை. வலையைப் பிடித்திருந்த இரண்டு பேர் விட்டுவிட்டு வந்து அவரைத் தூக்கினார்கள். வலை விட்ட பக்கமாக அன்றைய இறால் மொத்தமும் வெளியே போய்விட்டது. அதில் இறாலுக்குத்தான் நல்ல நாள்.

மறுநாள் ஊர்ச் சபை கூடியது. பெரியவர்கள் மூன்று பேர், மூன்று பேருக்கும் பிளாஸ்டிக் நாற்காலி. மூன்று பேரின் தொப்பையும் மடியில் வைத்த குடம் மாதிரி உட்கார்ந்திருந்தது. அவர்களுக்கெல்லாம் மகன்கள் இறங்குகிறார்கள், அதனால் அவர்கள் தொப்பையை யாரும் கேட்பதில்லை. நடுவில் இருந்தவர் சொன்னார்: "சித்திரை சீட்டுக்குள்ள ஒடம்ப கொறச்சிக்கினு வா. பதினாறு கம்பும் நீயே ஊனணும். இல்லன்னா பேர எடுத்துடுவோம்." சொல்லிவிட்டு எழுந்திருக்க அவருக்கே ஒரு கை தேவைப்பட்டது.

அப்பாவிடமிருந்து இவருக்கு வந்த ஒரே சொத்து அந்தப் பெயர். அது போனால் நாங்கள் அந்தக் குப்பத்தில் குடியிருப்பவர்கள், அவ்வளவுதான். கல்யாணத்துக்கு வெற்றிலை வைத்து அழைக்கும்போதுகூடக் கடைசியில் அழைப்பார்கள். எனக்குப் பயம் வந்தது. அவருக்கு வீராப்பு வந்தது.

"ஒரு மாசத்துல இருவது கிலோ எறக்கிக் காட்டறேன் பாரு" என்றார்.

அவர் வைத்த முதல் எண் ஆயிரம். ஒரு நாளைக்கு ஆயிரம் கலோரிதான் சாப்பிடுவது என்று டீக்கடையில் யாரோ போனில் பார்த்துச் சொன்னதாம். கலோரி என்றால் என்ன என்று நான் கேட்டதற்கு, "சாப்பாட்டோட பவரு" என்றார். காலையில் நாஸ்டாவுக்கு ஒரு வெள்ளரிக்காய். மதியம் ஒரு கரண்டி சோறு, குழம்பில் மீன் மட்டும். ராத்திரிக்கு இரண்டு தக்காளி. முதல் நாள் பெருமையாக இருந்தார். இரண்டாம் நாள் என்னைத் திட்டினார். மூன்றாம் நாள் நாயைத் திட்டினார். நான்காம் நாள் பாடு. தண்ணீரில் இறங்கிய கொஞ்ச நேரத்தில் கண் இருட்டுகிறது என்று படகில் ஏறி உட்கார்ந்துகொண்டார். கூட வந்தவர்கள் அவர் பங்குக் கம்பையும் ஊன்றினார்கள். கரைக்கு வந்ததும் நேராகக் கடைக்குப் போய்ப் பன்னிரண்டு பஜ்ஜி தின்றார். எனக்கு எப்படித் தெரியும் என்றால், மறுநாள் கடைக்காரர் என்னைப் பார்த்து, "அண்ணனுக்கு ஒடம்பு தேவலாமா?" என்று கேட்டார். பன்னிரண்டு பஜ்ஜி தின்றவனுக்கு நேரக்கூடியதைப் பற்றி அவருக்குக் கவலை.

அத்தோடு ஆயிரம் முடிந்தது. உலகத்தில் எவனாலும் முடியாத ஒன்றை நான்கு நாள் செய்த கர்வம் மட்டும் அவரிடம் மிச்சமிருந்தது.

இரண்டாவது எண்ணைப் போன் கொடுத்தது. தமிழில் கேள்வி கேட்கும் ஏதோ ஒரு ஆப். வயது கேட்டது, எடை கேட்டது, உயரம் கேட்டது. எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னார். பிறகு, உங்கள் வேலை எப்படிப்பட்டது என்று கேட்டு ஐந்து பதில்களை வரிசையாகக் காட்டியது. உட்கார்ந்த வேலை, லேசான வேலை, நடுத்தரம், கடினம், மிகக் கடினம். அவர் யோசிக்கவே இல்லை. ஐந்தாவதை அழுத்தினார்.

"யோவ், மொத்தத்துல மாசத்துக்கு ரெண்டு நாள் தண்ணில எறங்கற. அதுக்கா இத்த அழுத்தின?" என்றேன்.

"மீனவன்மே நானு. மீனவன் வேல கஷ்டமா, லேசா? நீயே சொல்லு."

"மீனவன் வேல கஷ்டம்தான். நீ செய்யறது இன்னா வேல?"

இந்தத் தப்பை எங்கள் குப்பத்து ஆண் மட்டும்தான் செய்வான். மீனவன் என்று ஆதார் கார்டில் தொழில் கேட்டாலும் சொல்வான், ஆஸ்பத்திரியில் கேட்டாலும் சொல்வான், செத்த பிறகு கேட்டாலும் எழுந்து சொல்வான். மீதி இருபத்தெட்டு நாள் ஏலம் போடும் இடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து அடுத்தவன் மீனுக்கு விலை சொல்லுவதும், டீ குடிப்பதும், ஓட்டை வலையை மடியில் போட்டுக்கொண்டு தைக்காமல் பேசுவதும்தான் வேலை என்று போனிடம்கூட ஒத்துக்கொள்ள மாட்டான். போன் என்ன போய் ஊரில் சொல்லப் போகிறதா?

போன் நம்பியது. ஒரு நாளைக்கு இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் கலோரி சாப்பிட்டால் வாரத்துக்கு அரை கிலோ குறையும் என்றது.

அதற்குப் பிறகு அவர் சாப்பிட்ட அழகைப் பார்க்க வேண்டும். முன்பெல்லாம் குற்ற உணர்ச்சியோடு தின்றவர் இப்போது கடமையாகத் தின்றார். மதியம் சோற்றை முடித்துவிட்டுப் போனைப் பார்ப்பார். "இன்னும் நாநூறு பாக்கி கீது. ரெண்டு மடவ வறுத்துப் போடேன்" என்பார். மடவை வறுக்க எண்ணெய் ஊற்றும் என்னைப் பார்த்துக்கொண்டே, "மீனு ஒடம்புக்கு நல்லது" என்று சொல்லுவார். டீயை அவர் கணக்கில் சேர்க்கவே இல்லை. டீ என்பது தண்ணீர். ஒரு நாளைக்கு ஆறு தண்ணீர், ஒவ்வொன்றிலும் மூன்று கரண்டி சர்க்கரை.

பொங்கல் தாண்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். முழங்கால் வலி என்று சொல்லித்தான் வரச் சம்மதித்தார். எடை பார்க்கும் நர்ஸ் சின்ன வயசு, பொன்னேரிப் பக்கம் இருந்து பஸ்ஸில் வருகிறவள். எடைக் கருவியில் நிற்க வைத்தாள். நூற்றரை கிலோ. ஒன்றரை மாதம் டயட்டில் இருந்து இரண்டரை கிலோ ஏற்றியவரை அவள் முதல்முறையாகப் பார்க்கிறாள் போலும், சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"மெஷினு சரியில்ல" என்றார் இவர்.

அவள் அவரோடு வாதம் செய்யவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "தண்ணீல எத்தினி நாள் எறங்குவீங்க?" என்று கேட்டாள்.

"டெய்லி" என்றார்.

"ரெண்டு நாளு" என்றேன். "மாசத்துக்கு. அதுலயும் ஒரு நாள் படகுலதான் குந்திகினு இருப்பாரு. டீ ஆறு. பஜ்ஜி கேட்டுப் பாருங்க, சொல்ல மாட்டாரு."

"வூட்டுல இருக்கறத ஆஸ்பத்திரில வந்து சொல்லணுமா, மே?" என்று பல்லைக் கடித்தார். எனக்கு அன்று நல்ல திருப்தி. அவர் சொன்ன ஒவ்வொரு பொய்யையும் அவர் எதிரிலேயே உரித்துப் போட்டேன்.

பிறகு அவள் என் பக்கம் திரும்பி, "எண்ண எவ்ளோ ஊத்துவீங்க?" என்றாள். கொஞ்சம்தான் என்றேன். ஒரு லிட்டர் பாக்கெட் எத்தனை நாள் வரும் என்று அடுத்த கேள்வி. ஐந்து நாள் என்று சொல்ல வேண்டியதாயிற்று. வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அவள் எழுதிக்கொண்டாள். எனக்கு அவளைப் பிடிக்காமல் போனது.

அவள் போட்டுக் கொடுத்தது மூன்றாவது எண். சரியாகச் சொன்னால் இரண்டு எண்கள். சும்மா இருக்கிற நாளைக்கு ஆயிரத்து எழுநூறு, பாடு நாளைக்கு இரண்டாயிரத்து முந்நூறு. "ரெண்டு நாளும் ஒரே நாள் கெடையாதுல்ல?" என்றாள். டீயை இரண்டாக்கி, சர்க்கரையை எடுத்து, எண்ணெயைப் பாதியாக்கி, சோற்றை டம்ளரால் அளந்து போட்டால் அந்தக் கணக்கு வந்துவிடும், வேறெதையும் மாற்ற வேண்டாம், மீன் குழம்பு குழம்பாகவே இருக்கட்டும் என்றாள். தினமும் முக்கால் மணி நேரம் நடக்கச் சொன்னாள்.

"எத்தினி நாள்ல இருவது எறங்கும்?" என்று இவர் கேட்டார்.

"வாரத்துக்கு அரக் கிலோ. அதுக்கு மேல எறங்கினா திரும்ப ஏறும். ஒரு வருஷம் வச்சிக்கோங்க."

"சித்திரைக்கு?"

விரல் விட்டு எண்ணினாள். "அஞ்சு எறங்கினா நல்லது" என்றாள்.

வெளியே வந்ததும், இவளுக்கு ஒன்றும் தெரியாது என்று அவர் சொன்னார். அந்த ஒரு விஷயத்தில் நானும் அவரும் ஒரே கட்சி. சபை கேட்பது பதினாறு கம்பு. இவள் கொடுப்பது ஐந்து கிலோ. நியாயமான எண் என்பது இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை.

ஆனால் அதைச் செய்தார். ஏன் செய்தார் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஆயிரத்தைப் போல் அது அவரைக் கொல்லவில்லை என்பதால் இருக்கலாம். சோற்றை நான் டம்ளரில் அளந்து கவிழ்ப்பேன், அவர் அந்தக் குவியலை எதிரியைப் பார்ப்பது போல் பார்ப்பார், பிறகு சாப்பிடுவார். சாயங்காலம் டச்சுக்காரர் கல்லறைச் சுவரைச் சுற்றி நடப்பார். குப்பத்துக்குள் நடந்தால் கேலி செய்வார்கள், அங்கே படம் எடுக்க வருகிற வெளியூர்க்காரர்கள்தான் இருப்பார்கள். முந்நூறு வருஷத்துக்கு மேலாக உள்ளே படுத்திருப்பவர்களைவிட இவர் வேகமாகத்தான் நடந்தார், அதை மறுக்க மாட்டேன். முதல் வாரம் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை உட்கார்ந்தார். மாசி முடிவில் உட்காரவில்லை. பாடு நாளில் காலையில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு இறங்கினார். ஆறு கம்பு, பிறகு ஏழு, பங்குனியில் எட்டு. எட்டு ஊன்றிவிட்டு வந்த அன்று வீட்டில் யாரோ பட்டம் கொடுத்தது போல் நடந்துகொண்டார். "மிச்ச எட்ட யாரு ஊனினாங்க?" என்று கேட்டேன்.

சித்திரை வந்தது. சீட்டுக்கு முந்தின நாள் அவர் எடை தொண்ணூற்றாறு. நாலரை கிலோ குறைந்திருந்தார். அதிலும் இரண்டரை அவரே போனை நம்பி ஏற்றியது. ஆக, தொப்பையோடு பிடிபட்ட நாளிலிருந்து கணக்குப் பார்த்தால் இரண்டே கிலோ. ஐந்து மாதம், இரண்டு கிலோ. எனக்குத் தூக்கம் போனது. நாளைக்கு ஊர் சிரிக்கும், பெயரை எடுப்பார்கள், நான் கூடையோடு எந்த முகத்தோடு நடப்பேன் என்று அதுதான் ஓடியது.

கோயில் முன்னால் ஆண்கள் உட்கார்ந்தார்கள். பெண்கள் வழக்கம்போல் பின்னால் நின்றோம். மூன்று நாற்காலிகள், மூன்று தொப்பைகள், அதில் ஒன்றுகூட ஒரு விரல்கடை குறையவில்லை. சீட்டு போடும் முன் நடு நாற்காலிக்காரர் இவரை எழுப்பி நிற்க வைத்தார். மேலும் கீழும் பார்த்தார்.

"எதுனா கொறஞ்சியா? எனக்கு அப்டியேதான் தெரியுது" என்றார். கூட்டம் சிரித்தது.

எனக்கு உச்சியில் ஏறியது. பின்னாலிருந்து சத்தம் போட்டேன். "இன்னா அப்டியே? பதினஞ்சு கிலோ எறங்கிக்கிறாரு. ஆஸ்பத்திரில எழுதிக் குடுத்துக்கிறாங்க. போன பாட்டுக்குப் பதினாறு கம்பும் அவருதான் ஊனினாரு. வேணும்னா இப்பவே எறங்கச் சொல்லுங்க!"

சிரிப்பு நின்றது. பெண்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கூடப் பாடு போகிற இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்கள் நல்லவர்கள், காட்டிக் கொடுக்க மாட்டார்கள். நாற்காலிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

"அவ சொல்றது பொய்யி" என்றார் என் வீட்டுக்காரர்.

என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மேலே பேசினார்.

"நாலர கிலோதான் எறங்கிச்சி. எட்டு கம்பு ஊன முடியுது. பதினாறு முடியல. எனக்கு அரப் பாடு குடுங்க. எட்டு கம்பு, ஒரு நாளு. அடுத்த சித்திரைக்கு முழுசா கேக்கறேன். இதே மாரி போனா அப்ப முடியும்னு நெனைக்கிறேன்."

அரைப் பாடு என்று ஒன்று எங்களிடம் உண்டு. கால் ஒடிந்தவனுக்கும், தலை நரைத்துத் தள்ளாடுகிறவனுக்கும் ஊர் பார்த்து இரக்கப்பட்டுக் கொடுப்பது. இடுப்பில் லுங்கியும் தலையில் கறுப்பு முடியும் இருக்கிற ஆண் எழுந்து நின்று அதைக் கேட்டு வாங்கியது அதற்கு முன் நடந்ததில்லை. கூட்டம் இந்த முறை வாய்விட்டுச் சிரித்தது. எவனோ, "அரப் பாட்டுக்காரரே!" என்று கூப்பிட்டான். அந்தப் பெயர் இன்றும் ஊரில் அவருக்கு நிற்கிறது. அவர் சிரிப்பு அடங்கும் வரை நின்றுகொண்டிருந்தார். பெரியவர்கள் தங்களுக்குள் முணுமுணுத்துவிட்டு, சரி, அரை என்றார்கள். பெயர் தங்கியது.

நான் அதற்குள் வீட்டுக்கு நடந்துவிட்டேன். வழியெல்லாம் அவரைத் திட்டினேன். பேடி, கேட்டு வாங்கித் தின்னி என்று வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். ஒரு நாள் பாடு போய்விட்டதே என்ற கோபம் இல்லை அது. நான் அத்தனை பேர் எதிரில் தூக்கி நிறுத்திய புருஷனை அவர் ஒரு வார்த்தையில் கீழே போட்டுவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து வந்து, கையைக் கழுவி, தட்டின் முன்னால் உட்கார்ந்தார். நான் டம்ளரை எடுத்து அளக்காமல், பானையிலிருந்து அப்படியே அள்ளி வைத்தேன். இரண்டு பங்கு இருக்கும். அவர் பாதியைத் திரும்பப் பானையில் போட்டார். கோபமே இல்லாத குரலில் கேட்டார்:

"பதினஞ்சுன்னு உன்ன யாரு சொல்லச் சொன்னது, மே?"

ஆஸ்பத்திரியில் நர்ஸ் எதிரில் அவரைப் பொய்யன் என்று உரித்துப் போட்டவள் நான். நாலரை கிலோ புருஷனோடு ஊரில் நடக்க எனக்குத்தான் வெட்கமாக இருந்தது, அவருக்கு இல்லை.